எட்டாம் கட்டிலில் ஒரு லாடம்

ராக்கினி சிஸ்டரின் மேசைமேல் தவமணி ஒரு டிரேயைக் கவிழ்த்தாள். இரும்பு கொட்டிய சத்தத்தில் குழந்தைகள் வார்டே திரும்பிப் பார்த்தது.

ஒரு வீட்டுச் சாவி. ஒரு பாக்குவெட்டி. கட்டை விரல் தடிமனுக்கு ஒரு போல்ட்டு. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு மாட்டு லாடம்.

"எல்லாம் ஒரே கட்டில் சிஸ்டர். எட்டாம் நம்பர். ஒவ்வொண்ணா நான் புடுங்குனது," என்றாள் தவமணி. "இனிமே கலப்பைதான் பாக்கி."

குரு சிஷ்யன் கதையென்றால் குருவுக்குத் தாடி நரைத்திருக்க வேண்டும், சிஷ்யனுக்கு மீசை அரும்பியிருக்க வேண்டும். இங்கே அந்த வசதி இல்லை. சிஷ்யை தவமணிக்கு ஐம்பத்திரண்டு வயது. வார்டுப் பொறுப்பு நர்ஸ் ஜெயராக்கினி அவளைவிடப் பத்து வயது இளையவள். தவமணி இத்தனை காலமும் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருந்தவள். அங்கே நோயாளிகள் மயக்கத்தில் இருப்பார்கள், எதிர்த்துப் பேச மாட்டார்கள். மாற்றலாகி வந்த முதல் நாளே, "பிள்ளைகளப் பாக்குறது எனக்குப் புதுசு. வயசப் பாக்காம சொல்லிக் குடுங்க சிஸ்டர்," என்று கேட்டுக்கொண்டாள். கேட்டதோடு சரி. சொல்லிக்கொடுக்கும்போதெல்லாம் சண்டைக்கு வந்தாள்.

ராக்கினி லாடத்தைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"இது எங்க இருந்துச்சு?"

"போர்வைக்குள்ள. பிள்ள கையில."

எட்டாம் கட்டிலில் இருப்பவள் சஷ்மிதா, ஆறு வயது, வலிப்பு நோய். கூட இருப்பவள் அவள் அம்மா பாண்டிமீனா. அப்பாவுக்குத் திருப்பூரில் வேலை. வலிப்பு வந்தால் கையில் இரும்பைக் கொடுக்க வேண்டும் என்பது பாண்டிமீனாவுக்கு அவள் ஊர் சொல்லிக்கொடுத்த வைத்தியம். கூடாது என்பது தவமணியின் சட்டம்.

"காலைல வலிப்பு வந்திருக்கு," என்றாள் தவமணி. "அந்தப் பொண்ணு என்னைக் கூப்பிடல. போர்வைய இழுத்து மூடிட்டு, லாடத்தத் திணிச்சுட்டு, பிள்ள தூங்குற மாதிரி பக்கத்துல உக்காந்திருக்கு. மாத்திர குடுக்கப் போயி மூடியிருந்தத வெலக்கினேன், அப்பத்தான் பாத்தேன்."

"நேத்து? முந்தாநேத்து?"

"வந்திருக்கும். யாருக்குத் தெரியும்? டாக்டர் வலிப்பே இல்லைன்னு நெனச்சு நாளைக்கு வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாரு."

ஆபத்து இதில்தான் இருந்தது. மருந்து போதவில்லை என்று ஒருவருக்கும் தெரியாமலேயே பிள்ளை ஊர் போய்ச் சேர்ந்திருப்பாள். அங்கே ஒரு வலிப்பு நிற்காமல் இழுத்துக்கொண்டே போனால் ஓடி வர யாரும் கிடையாது.

ராக்கினி உடனே டாக்டரைக் கூப்பிட்டுச் சொன்னாள். மருந்து கூடியது, வீட்டுக்குப் போவது தள்ளிப்போனது. போனை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இப்பச் சொல்லுங்கக்கா."

"என்னத்தச் சொல்ல? தொண்டத் தண்ணி வத்துனதுதான் மிச்சம். செவிடன் காதுல சங்கு ஊதுற மாதிரி இருக்கு. இவளுக்கு எப்படிச் சொன்னா சிஸ்டர் புரியும்?"

"என்ன சொன்னீங்க?"

"எல்லாந்தான். இரும்பக் குடுக்காத. கையக் கால அமுக்காத. வாயில கரண்டி வெக்காத. தண்ணி தெளிக்காத. ஆளுகளக் கூட்டாத."

"செய்யச் சொன்னது என்ன?"

"ஒண்ணுமில்ல. சும்மா இருன்னேன். நாங்க வந்து பாத்துக்குவோம்ல?"

"அவ என்ன சொன்னா?"

"சாவி வெச்சாத்தான் சிஸ்டர் நிக்குதுங்கறா. வலிப்பு தானா நிக்குது, பேரு சாவிக்கு! அது தானா நிக்கும்டி, ரெண்டு நிமிசத்துல நிக்கும்டின்னு தலையால தண்ணி குடிச்சுட்டேன். பேசாம அவள வெளிய அனுப்பிட்டு வேற யாராச்சும் சொந்தக்காரங்களக் கூட வெச்சுக்கலாம்."

ராக்கினி மேசைமேல் கிடந்ததில் வீட்டுச் சாவியை மட்டும் எடுத்துக்கொண்டு எட்டாம் கட்டிலுக்கு நடந்தாள். தவமணி பின்னாலேயே போனாள்.

பாண்டிமீனா எழுந்து நின்றாள். அழுது முகம் வீங்கியிருந்தது. ராக்கினி சாவியை நீட்டினாள்.

"உன் வீட்டுச் சாவிதான? வெச்சுக்க."

தவமணிக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. வார்டு என்றும் பார்க்கவில்லை.

"நான் புடுங்குனத நீங்க திருப்பிக் குடுத்தா, என் பேச்ச யாரு சிஸ்டர் மதிப்பா?"

"யாரும் மதிக்கலைன்னுதான அக்கா அவ்வளவு இரும்பு சேந்துச்சு?"

ராக்கினி சிரிக்கவில்லை. இந்தக் குருவுக்குப் புன்னகைத்துக்கொண்டு நிற்க நேரமில்லை. இன்னும் இரண்டு பிள்ளைகளுக்கு மூச்சுத்திணறல் மருந்து வைக்க வேண்டும்.

"பாண்டிமீனா, அடுத்து வலிப்பு வந்தா மூடாத. கூப்பிடு. யாரும் எதையும் புடுங்க மாட்டாங்க."

பாண்டிமீனா தவமணியைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினாள். தவமணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்று மத்தியானம் முழுக்க மருந்து வண்டியைக்கூடச் சத்தமாகத் தள்ளினாள்.

சாயங்காலம் கூப்பாடு கேட்டது.

"சிஸ்டர்! சிஸ்டர்!"

சஷ்மிதாவின் கண் மேலே செருகியிருந்தது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. பாண்டிமீனா ஒரு கையால் பிள்ளையின் விரல்களைப் பிரித்து, மறு கையால் சாவியைத் திணித்துக்கொண்டிருந்தாள்.

தவமணி முதலில் ஓடினாள். கட்டிலின் கால்மாட்டை எட்டுவதற்குள் ராக்கினியின் குரல் பின்னால் வந்தது.

"அக்கா, அங்கயே நில்லுங்க."

"என்ன சிஸ்டர்?"

"பிள்ளையத் தொடக் கூடாது. பேசக் கூடாது. சும்மா நில்லுங்க."

தவமணி நின்றாள். ராக்கினி தலைமாட்டுக்கு வந்தாள். வலிப்பு நீண்டால் மூக்கில் அடிக்கும் மருந்து அவள் கையில் தயாராக இருந்தது.

"பாண்டிமீனா, சாவி உன் மடியில இருக்கட்டும். உன் ரெண்டு கையும் எனக்கு வேணும். பிள்ளைய ஒருக்களிச்சுத் திருப்பு."

"எனக்குத் தெரியாது சிஸ்டர்."

"தோள்ல ஒரு கை. இடுப்புல ஒரு கை. உன் பக்கமா இழு. அவ்வளவுதான். எச்சி தானா வெளிய வடியட்டும், வாய்க்குள்ள வெரல விடாத. கழுத்துப் பட்டனக் கழட்டு. தலைக்கு அடியில உன் துண்ட வை."

பாண்டிமீனா செய்தாள். பட்டன் வராமல் பிய்த்தே எடுத்துவிட்டாள்.

"இப்ப செவுத்துல மணியப் பாரு. பெரிய முள்ளு எங்க நிக்குது?"

"நாலு... நாலத் தொட்டுருச்சு."

"அஞ்சத் தொடுற வரைக்கும், அஞ்சு நிமிசம் காத்திருப்போம். தாண்டுச்சுன்னா இந்த மருந்து. கண்ண எடுக்காத. சத்தமாச் சொல்லிக்கிட்டே இரு."

பாண்டிமீனா ஒரு கண்ணைப் பிள்ளைமேலும் ஒரு கண்ணை முள்மேலும் வைத்துக்கொண்டு சொல்லிக்கொண்டே இருந்தாள்.

தவமணி பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தச் சின்ன உடம்பு கட்டிலோடு குலுங்கியது. உதடு நீலம் பாரித்தது. தியேட்டரில் எத்தனையோ வயிறு திறந்து பார்த்தவள்தான். ஆனால் அங்கே ஒரு முறைகூட அவள் வெறுங்கையோடு நின்றதில்லை. இரண்டு தடவை வாயைத் திறந்தாள். இரண்டு தடவையும் ராக்கினி திரும்பிப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

இழுப்பு மெல்லத் தளர்ந்தது. பிள்ளை பெரிதாக ஒரு மூச்சு விட்டாள். உதட்டுக்கு நிறம் திரும்பியது.

"முள்ளு நாலரகிட்ட நிக்குது சிஸ்டர்," என்றாள் பாண்டிமீனா. "ரெண்டரை நிமிசம் இருக்கும்."

"சரியாச் சொன்ன. ராத்திரி வந்தாலும் இதையேதான் செய்யணும். வீட்டுல மணி பாக்க என்ன இருக்கு?"

"செல்லு இருக்கு."

"போதும். எத்தன நிமிசம்னு டாக்டர்கிட்ட நீதான் சொல்லணும். உன்னத் தவிர வேற யாருக்கும் தெரியாது."

பாண்டிமீனா முந்தானையால் பிள்ளையின் வாயைத் துடைத்தாள். பிறகு பக்கத்தில் ஒண்டிப் படுத்துக்கொண்டாள். இந்த முறை போர்வையை இடுப்பு வரைக்கும்தான் இழுத்துவிட்டாள்.

ராக்கினி மருந்தைப் பையில் போட்டுக்கொண்டாள். தவமணி அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் வெடித்தது.

"இதுல எது சிஸ்டர் எனக்குத் தெரியாது? ஒருக்களிச்சுப் போடத் தெரியாதா? மணி பாக்கத் தெரியாதா? அவளுக்குப் பாடம் நடத்தினீங்க, சரி. வேல தெரிஞ்சவள எதுக்கு மரமாட்டம் நிக்க வெச்சீங்க? சும்மா நின்னு பாக்குறதுல என்ன பாடம் இருக்கு?"

ராக்கினி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டிலின் கால்மாட்டுக் கம்பியைப் பார்த்தாள். தவமணியின் இரண்டு கைகளும் அதை இறுகப் பற்றியிருந்தன. விரல் முட்டியெல்லாம் வெளுத்துப்போயிருந்தது.

"அந்த இரும்ப விடுங்கக்கா," என்றாள். "வலிப்பு நின்னு நேரமாச்சு."