நூல் கட்டிய மீசைக் காசு

முத்துமேட்டு ராஜா உதயவர்மனுக்கு நாடு பெருத்தது, படை பெருத்தது, கூடவே ஆசையும் பெருத்தது. துறைமுகத்துக்கு எந்த நாட்டு வியாபாரி வந்தாலும் மேற்குச் சீமையின் கப்பல் படம் பொறித்த காசில்தான் பேரம் பேசினான். ராஜா தன் மீசை முகத்தைப் பொறித்து அடித்த தங்கக் காசை எவனும் சீந்தவில்லை. வயிறு எரியாதா?

சபையின் வாய்த்துடுக்குக்காரன் மலைக்கொழுந்தைக் கூப்பிட்டார்.

"அடே! அடுத்த பௌர்ணமிக்குள் என் மீசைக் காசு கடல் தாண்ட வேண்டும். இல்லாவிட்டால் உன் குடுமியைச் சிரைத்துக் கழுதைமேல் ஊர்வலம்!"

இந்த யோசனையை ராஜாவின் காதில் ஓதியவர் பொக்கிஷதாரர் அனவரதம். மலைக்கொழுந்தைக் கண்டாலே அவருக்கு ஆகாது. மீசைக் காசு ஒன்றுகூட நாட்டை விட்டுப் போகக் கூடாது என்று ராஜாவை முன்பே சட்டம் போட வைத்தவரும் அவர்தான். கப்பல் ஏறுகிறவனின் மடியை உதறிப் பார்த்துத்தான் காவலர்கள் விடுவார்கள்.

மலைக்கொழுந்துக்குப் பகீரென்றது. எண்ணெய் பூசி ஆசை ஆசையாய் வளர்த்த குடுமி! காசு போகவும் வேண்டும், போகவும் கூடாதாம். குடுமியைத் தடவினான். தடவத் தடவச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஒரு பெட்டிக் காசு கொடுங்கள் மகாராஜா. ஊரிலுள்ள நூலையெல்லாம் வாங்க உத்தரவும் கொடுங்கள்."

பௌர்ணமியன்று ராஜா துறைமுகத்துக்குக் கிளம்பினார். வாசலைத் தாண்டியதுமே காலில் நூல் சிக்கியது. கடைத்தெருவெங்கும் நூல்! பொக்கிஷ அறைத் தூணில் கட்டிய நூலெல்லாம் தேர்முட்டியைச் சுற்றிக்கொண்டு கப்பலுக்குப் போனது. ஒரு மாடு அதில் சிக்கிக்கொண்டு கத்தியது. யாரோ ஒரு புண்ணியவதி புடவை காயப்போட்டிருந்தாள்.

கப்பலில் ஒரு அரபிக் குதிரை வியாபாரி, நூல் நுனியில் கட்டியிருந்த மீசைக் காசைக் கடித்துப் பார்த்தான். "நல்ல தங்கம்!" என்று மடியில் முடியப் போனான். மலைக்கொழுந்து நூலை வெடுக்கென்று இழுத்தான். காசு பறந்து வந்தது.

"கொடுத்துவிட்டுப் பிடுங்கினால் எவன் வாங்குவான்?" என்று கத்தினான் வியாபாரி.

"என்னடா கூத்து இது?" ராஜா உறுமினார்.

"காசு கடல் தாண்ட வேண்டும் என்பது உங்கள் ஆணை. நாட்டை விட்டுப் போகக் கூடாது என்பது உங்கள் சட்டம். இரண்டையும் மீறாமல் கட்டிவிட்டேன், மகாராஜா!"

"போன காசு திரும்பாது! கஜானா காலியாகிவிடும்!" என்று குதித்தார் அனவரதம்.

"நம் மிளகை மீசைக் காசுக்குத்தான் விற்போம் என்று சொல்லுங்கள். போனதெல்லாம் மிளகு வாங்க ஓடி வரும். உங்கள் முகத்தை வெளியே அனுப்ப நீங்களே பயந்தால், அயலான் எப்படி நம்பி வாங்குவான்?"

ராஜா மீசை குலுங்கச் சிரித்தார். வாளை உருவி நூலையெல்லாம் அறுத்தார். சட்டமும் அன்றோடு போனது. ஊர்வலத்துக்கு அலங்கரித்த கழுதையை வீணாக்குவானேன் என்று அனவரதத்தை அதில் ஏற்றிவிட்டார்கள்.

"பிடி வெகுமதி!" என்று ராஜா காசுப் பையை நீட்டினார்.

மலைக்கொழுந்து இழுத்தான். பை வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தான். ஊஹும்! ராஜாவின் பிடி உடும்புப் பிடியாக இருந்தது.

"மகாராஜா, நூலை அறுத்தாயிற்று. விரலையும் கொஞ்சம் எடுத்தீர்களானால், காசு கிளம்பிவிடும்!"