வாய்தா அறியாத எலும்பு

ஒரு வலது முன்கையில் ஆரை என்றோர் எலும்பு வாழ்ந்துவந்தது. முன்கையில் எலும்புகள் இரண்டு, அவற்றுள் கட்டைவிரல் பக்கம் இருப்பது ஆரை என்று உடற்கூறு நூல்கள் சொல்கின்றன. அது யாருடைய கை என்று அவை சொல்வதில்லை. நாம் சொல்லிவிடுவோம். உசிலம்பட்டியில் பரோட்டா போடும் ஒச்சப்பனின் கை.

ஆரைக்குத் தொழில் கர்வம் உண்டு. மாவை வீசி வீசி, எதிரே நிற்கும் ஆளின் மூக்கு தெரியும் அளவுக்கு மெலிதாக்கும்போது, உடம்பிலுள்ள மற்ற எலும்புகளெல்லாம் சும்மா உட்கார்ந்து சாப்பிடுவதாகவே அது நினைத்தது.

ஒருநாள் சைக்கிளில் போன ஒச்சப்பனைப் பின்னால் வந்த கார் தட்டிவிட்டது. ஆரை இரண்டாக முறிந்தது. ஆஸ்பத்திரிச் செலவுக்கு அவன் மனைவி முத்துராக்கின் காதுத்தோடு அடகுக்குப் போனது.

மாவுக்கட்டு வந்து ஆரையைச் சுற்றி உட்கார்ந்தது. அதிகம் பேசாத ஆள் அது. "நான் பிடிச்சுக்கிறேன், நீ ஒட்டிக்கோ" என்றதோடு சரி.

பின்னாலேயே ஒரு பெரிய மனிதர் வந்தார். தொந்தியும் தொங்குமீசையுமாக, இதோ உட்காரப்போகிறவர் போலவே நடந்தார். அவர் பெயர் வழக்கு. இழப்பீடு வாங்கித் தருவது அவர் தொழில். குடை பிடித்துக்கொண்டு அவர் மைத்துனன் வாய்தா கூட வந்தான். விசாரணையை இன்னொரு நாளைக்குத் தள்ளிவைப்பது அவன் தொழில்.

"எலும்புத் தம்பி, எப்படி இருக்கே?"

"முறிஞ்சு கிடக்கேன் அண்ணாச்சி."

"ரொம்ப சந்தோஷம். அப்படியே இரு."

ஆரை விழித்தது.

"நீ எவ்வளவு கெட்டுப்போயிருக்கியோ, அதைப் பார்த்துத்தான் ஒச்சப்பனுக்குக் கொடுப்பாங்க. நீ ஒட்டிக்கிட்டா நான் எதைக் காட்டிக் கேக்கிறது? நான் முடியிற வரைக்கும் சேராதே."

"நீங்க எப்ப முடிவீங்க?"

வழக்கு வாய்தாவைப் பார்த்தார். வாய்தா வானத்தைப் பார்த்தான்.

"சேராம இருக்க முடியாட்டி, கொஞ்சம் கோணலாவாவது சேரு. அந்தப் பொம்பளை காது மூளியாக் கிடக்கிறதைப் பார்த்தேல்ல?" என்று சொல்லிவிட்டு வழக்கு போய்விட்டார்.

ஆரை அல்லாடியது. நேராகச் சேர்ந்தால் மாவு பறக்கும், தோடு வராது. கோணலாகச் சேர்ந்தால் தோடு வரும், மாவு பறக்காது. சில நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு சேராமல் இருந்தும் பார்த்தது. தும்மலை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைக்க முடியுமா? மாவுக்கட்டை வெட்டி எடுத்தபோது ஆரை அளவுகோல் மாதிரி நேராக இருந்தது.

வழக்குத் தலையிலடித்துக்கொண்டார். "சரி, வெளியே சொல்லித் தொலைக்காதே."

ஒச்சப்பனின் வக்கீலும் இதையே கொஞ்சம் மரியாதையாகச் சொன்னார். கழுத்தில் துணித்தொட்டில் கட்டி, அதில் கையைக் கிடத்தி, கேஸ் முடியும்வரை பரோட்டாக் கல் பக்கமே போகக் கூடாது என்றார். ஒச்சப்பன் கடையில் சாப்பிட வந்தவர்களுக்கு இடது கையால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். தொட்டிலுக்குள் ஆரை அழாத குழந்தையாகக் கிடந்தது.

வாய்தா களைத்துப்போய் லீவு போட்ட ஒருநாள், விசாரணை வந்தேவிட்டது.

அன்று கோர்ட்டு வாசல் கடையில் ஒருவன் பரோட்டா போட்டுக்கொண்டிருந்தான். ஒச்சப்பனால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"ஏப்பா, மாவை வீசறியா, துவைக்கிறியா?"

"ஒத்தக்கை தொரை, நீதான் வந்து வீசிக் காட்டேன்!"

ஆரை தொட்டிலைவிட்டுத் துள்ளியது. முதல் வீச்சில் மாவு விரிந்தது. இரண்டாம் வீச்சில் பறந்தது. மூன்றாம் வீச்சில் கிழிந்தது. கிழிந்ததை ஒச்சப்பன் மடித்துச் சுட்டுக் கொடுத்தான். அதை வாங்கிச் சாப்பிட்டவர் எதிர்த்தரப்பான கார் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் வக்கீல் கோமளவல்லி.

அரை மணி நேரத்தில் அவர் நீதிபதிமுன் எழுந்தார். "ஐயா, இவர் கையால் சுட்ட பரோட்டாவை இப்போதுதான் சாப்பிட்டுவிட்டு வருகிறேன்."

"எப்படி இருந்தது?"

கோமளவல்லி தயங்கினார். "மாவு கிழிந்துவிட்டது."

ஒச்சப்பனின் வக்கீல் முகம் மலர்ந்தது. வழக்கு மீசையை முறுக்கினார். இதைவிட நல்ல சாட்சி எங்கே கிடைக்கும்?

ஆனால் ஒச்சப்பனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "ஐயா, கிழிஞ்சது என் கையால இல்லை! அந்த மாவு ஊறவே இல்லை. எண்ணெய் காட்டலை. நல்ல மாவு கொடுங்க, இந்த மேசை அகலத்துக்கு வீசிக் காட்டறேன்!"

வக்கீல் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார். ஆரை வெட்கத்தில் நெளியப் பார்த்தது. நேராக இருந்ததால் நெளிய முடியவில்லை.

நீதிபதி சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினார். கை பிழைத்துவிட்டது, அதற்கு இழப்பீடு இல்லை. பட்ட வலிக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் கட்டுக்குள் கிடந்த நாட்களின் கூலிக்கும் கொடுத்தாக வேண்டும்.

"மாவை வீசறேன்னு என் தோட்டை வீசிட்டியே!" என்றாள் முத்துராக்கு, படியிறங்கும்போது.

"கொடுக்கச் சொல்லியிருக்காங்கல்ல?"

"கொடுக்கட்டும். நாளைக்கு நீ கல்லுக்குப் போ."

அவள் சொன்னது நல்லதாய்ப் போயிற்று. கொடுக்கச் சொன்னது குறைவென்று ஒச்சப்பனின் வக்கீல் ஒரு பக்கம் இழுத்தார். அதிகமென்று கோமளவல்லி மறுபக்கம் இழுத்தார். மேல்கோர்ட்டு வாசலில் வழக்கு நடுவே இரண்டாக முறிந்துபோனார்.

ஒருநாள் பரோட்டாக் கடைக்கு வந்தார். ஒரு பாதியை வாய்தா தாங்கிப் பிடித்திருந்தான். மறுபாதி தானே நொண்டி வந்தது. ஆரை மும்முரமாக வீசிக்கொண்டிருந்தது. தோட்டில் ஒன்றை அதற்குள் மீட்டாகிவிட்டது.

"தம்பி, நீ எப்படிச் சேர்ந்தே?" என்று ஈனக்குரலில் கேட்டார்.

"பெரிய வித்தையில்லை அண்ணாச்சி. கொஞ்ச நாள் அசையாமக் கிடந்தேன். சேர்ந்துட்டேன்."

வழக்கின் இரண்டு பாதிகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

"நான் பிறந்ததிலிருந்து அப்படித்தானேடா கிடக்கேன்!"