அனுசரிக்காத வளைவு

முன்னொரு சமயம் ஈரோட்டில், சேதுமாதவன் என்பவர் வீட்டு மாடி அறையில், ஒரு மேஜையளவே ஆன பொம்மை ரயில் ராஜ்யம் ஒன்று இருந்தது. ஒரு சின்ன எஞ்சின், நான்கு பெட்டிகள், நீள்வட்டமாக ஒரு தண்டவாளம். அவ்வளவுதான் அதன் சொத்து. ஜன்னலோரம் தண்டவாளம் திரும்புகிற இடத்தில் இருந்தவள் வளைவு.

ஒவ்வொரு சுற்றிலும் சின்ன எஞ்சின், "அக்கா, வர்றேன்!" என்று கூவும்.

"பார்த்து வா தம்பி" என்பாள் வளைவு.

ராஜ்யம் ஒழுங்காகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஒழுங்காகச் சுற்றுவதற்கெல்லாம் யார் கைதட்டுவார்கள்? சேதுமாதவனுக்குச் சலித்துவிட்டது. ஊருக்கெல்லாம் ஜாதகப் பொருத்தம் பார்த்துச் சொல்கிற மனிதர் அவர். பழைய பொம்மை ரயில்கள் விற்கிற கடையில் நீளமான பித்தளை எஞ்சின் ஒன்றைக் கண்டதும் சொக்கிப்போனார்.

"உங்க வளைவு என்ன அளவு சார்? இது நீள வண்டி. சின்ன வளைவுல திரும்பாது" என்றார் கடைக்காரர்.

"வண்டி பெரிய இடம். வளைவு அனுசரிச்சுப் போயிடும்" என்றார் சேதுமாதவன். பெண் வீட்டாரிடமும் அவர் அப்படித்தான் சொல்வது வழக்கம்.

ராகுகாலம் தவிர்த்து, பொட்டு வைத்து, பெரிய எஞ்சினை மேஜையில் ஏற்றினார். பெட்டிகள் நான்கும் சின்ன எஞ்சினை அம்போவென்று விட்டுவிட்டு அதன் பின்னால் போய்க் கோத்துக்கொண்டன.

நேர்ப்பாதையில் அது ராஜநடை நடந்தது. வளைவுக்கு வந்ததும் முன்சக்கரங்கள் திரும்பின. நடுச்சக்கரங்கள் முரண்டு பிடித்தன. தடாலென்று தண்டவாளத்தை விட்டுச் சரிந்தது.

"ஐயோ, ஐயா விழுந்துட்டாரா?" என்றது முதல் பெட்டி.

"வாயைக் கழுவு! ஐயா இறங்கிப் பார்வையிடறார்" என்றது கடைசிப் பெட்டி.

சேதுமாதவன் தூக்கி வைத்தார். ஐயா மறுபடியும் பார்வையிட்டது. அன்று முழுக்க ஒரே பார்வையிடலாக இருந்தது.

"நான் எத்தனை வளைவுகளைப் பார்த்தவன் தெரியுமா?" என்று உறுமியது பெரிய எஞ்சின்.

"பார்த்திருப்பீங்க ஐயா. திரும்பியிருக்கீங்களா?" என்றாள் வளைவு. "மேஜை எவ்வளவு அகலமோ அவ்வளவுதான் நான் விரிய முடியும். என் மேல கோபிச்சு என்ன ஆகப்போகுது?"

"திமிரைப் பாருங்க!" என்று பெட்டிகள் குதித்தன. "பிறவியிலேயே கோணல்! இவளைப் பிடுங்கி எறிஞ்சாத்தான் ஐயாவுக்கு வழி பிறக்கும்!"

வளைவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மேஜையை விட்டால் அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை. மூலையில் நின்ற சின்ன எஞ்சினைப் பார்த்தாள்.

"தம்பி, தினமும் என் மேல ஓடினவன் நீ. நீயாவது ஒரு வார்த்தை சொல்லேன்."

"எனக்கெதுக்குக்கா வம்பு?" என்றது சின்ன எஞ்சின்.

ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம். இங்கே கூடத்தையே பெயர்த்தார்கள். சேதுமாதவன் வளைவின் திருகாணிகளைக் கழற்றி, அவளை அட்டைப்பெட்டியில் போட்டார். அந்த இடத்தில் நேர்த் தண்டவாளத்தை வைத்து மேஜை விளிம்பு வரை நீட்டினார். அந்த அட்டைக்குள் கிடந்த வளைவு அழுதாள். ரயில் பெட்டிகள் ஏசியதுகூட அவளுக்கு வலிக்கவில்லை. தம்பி சொன்னதுதான் வலித்தது.

மறுநாள் சேதுமாதவனின் சம்பந்தி வந்திருந்தார். பெரிய எஞ்சின் கம்பீரமாகப் புறப்பட்டது. விளிம்புக்கு முன் சுவிட்சை அணைக்க வேண்டும். சேதுமாதவனோ பேச்சில் இருந்தார்.

"பாருங்க சம்பந்தி, என்ன நடை! பொருத்தம் பார்த்து வாங்கினதாக்கும்..."

எஞ்சின் விளிம்பைத் தாண்டிவிட்டது. கோத்திருந்த பெட்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. அந்தரத்தில் தொங்கும்போதும் கடைசிப் பெட்டி கத்தியது: "ஐயா இறங்கறார், வழி விடுங்க!"

பெரிய எஞ்சினின் புகைபோக்கி முறிந்தது. அது கண்ணாடி அலமாரிக்குப் போய், அங்கே நிம்மதியாகக் கம்பீரமாக இருந்தது. வளைவு பழைய இடத்துக்கே திரும்பினாள். சின்ன எஞ்சினை மறுபடி தண்டவாளத்தில் வைத்தார்கள். நசுங்கிய பெட்டிகள் கொஞ்சமும் கூசாமல் வந்து அதன் பின்னால் கோத்துக்கொண்டன.

"ஐயா எப்போ புறப்படறீங்க?" என்றது கடைசிப் பெட்டி.

சின்ன எஞ்சின் ஒரு கணம் திரும்பிப் பார்த்தது. தன்னைத்தான் சொல்கிறது என்று புரிந்ததும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கிளம்பியது.

வளைவுக்குப் பழைய கோபமெல்லாம் போய்விட்டது. என்ன இருந்தாலும் தம்பி. "அக்கா, வர்றேன்" என்ற குரலுக்காகக் காத்திருந்தாள்.

சின்ன எஞ்சின் அவளுக்கு அருகே வந்து நின்றது. மேலும் கீழும் பார்த்தது.

"இந்த வளைவு கொஞ்சம் அதிகமாத் தெரியலை?" என்றது.

"ஆமாங்கய்யா!" என்றன பெட்டிகள்.