ராஜா காட்டைப் பெருக்கச் சொன்ன கதை

மலையடிவாரக் காட்டை ஒட்டியே கோட்டை கட்டிக்கொண்ட ராஜா ஒருவர் முன்னொரு காலத்தில் இருந்தார். ஒருநாள் வேட்டைக்குப் போன இடத்தில், மழையில் ஊறிய சருகில் கால் வழுக்கி, பரிவாரம் பார்த்திருக்க, உட்கார்ந்த வாக்கிலேயே கொஞ்ச தூரம் சறுக்கினார். யாரும் சிரிக்கவில்லை. விகடகவி கூத்தபிரானிடமிருந்து மட்டும் தும்மலை அடக்குவதுபோல ஒரு சத்தம் வந்தது.

மறுநாள் சபையில் ராஜா அறிவித்தார். “இனி காட்டுக்கும் அரண்மனைக்கும் ஒரே விதி. இங்கே எப்படியோ அங்கேயும் அப்படி. தரையில் ஒரு சருகு கிடக்கக் கூடாது.”

கூத்தபிரானைக் கண்டாலே வயிறு எரியும் மந்திரி, தானாபதி விசயராயர் எழுந்தார். “உத்தமமான ஆணை, மகாராஜா. இதை முடிக்கக் கூத்தபிரானை விட்டால் ஆள் ஏது? ஒரு மாதம் கொடுங்கள். முடியாவிட்டால் நாட்டை விட்டுப் போகட்டும்.”

“அப்படியே ஆகட்டும்,” என்றார் ராஜா. அந்தத் தும்மலை அவர் மறக்கவில்லை.

ஆணை ஓலையை மடியில் செருகிக்கொண்டு, கூத்தபிரான் விளக்குமாற்றோடு காட்டுக்குப் போனான். பெருக்கி நிமிர்ந்தால் பின்னால் பத்து இலை விழுந்திருந்தது. பெண்டாட்டி பிள்ளைகளோடு ஊர் ஊராக அலைய வேண்டுமே என்று மறுபடியும் பெருக்கினான். களைத்து உட்கார்ந்தவன் சருகைக் கையால் விலக்கினான். மேலே முழு இலை. அதன் அடியில் நரம்பு மட்டும் மிஞ்சிய இலை. அதற்கும் அடியில் இலையா மண்ணா என்று சொல்ல முடியாத கறுப்புத் தூள். அங்கே ஒரு மண்புழு இலைத் துணுக்கு ஒன்றைத் தன் வளைக்குள் இழுத்துக்கொண்டிருந்தது. அது முழுசாக உள்ளே போகும்வரை கூத்தபிரான் அசையவில்லை.

பிறகு எழுந்து, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சதுரங்களை நான்கு முழத்துக்கு அளந்து கயிறு கட்டினான். ஒன்றைத் தினமும் துடைத்தாற்போல் பெருக்கினான். மற்றதைத் தொடவே இல்லை.

மாதக் கடைசி நாள் உச்சிவேளையில் ராஜா சாப்பிட உட்கார்ந்தார். இலை வரவில்லை. மடைப்பள்ளியில் அரிசி இல்லை, பானை இல்லை, சமையல்காரர்களும் இல்லை.

“யார் செய்த வேலை இது?”

“நான்தான், மகாராஜா,” என்றான் கூத்தபிரான். “காட்டின் மடைப்பள்ளியைப் பெருக்கச் சொன்னீர்கள். காட்டுக்கும் அரண்மனைக்கும் ஒரே விதி என்றும் சொன்னீர்கள். ஓலையைக் காட்டி இங்கேயும் பெருக்கிவிட்டேன்.”

“காட்டுக்கு ஏதடா மடைப்பள்ளி?”

“நடந்து வந்தால் காட்டுகிறேன். சோறும் அங்கேதான் வேகிறது.”

பசி ராஜாவை வேகமாக நடக்க வைத்தது. விசயராயரும் பின்தொடர்ந்தார்.

கூத்தபிரான் சதுரத்துக்கு ஒரு குடமாகத் தண்ணீர் ஊற்றினான். பெருக்கிய இடத்தில் அது மண்ணைக் கரைத்துக்கொண்டு ஓடி ராஜாவின் பாதத்தை நனைத்தது. சருகு மூடிய இடம் சத்தமில்லாமல் குடித்துவிட்டது.

“எங்கே போயிற்று?” ராஜா குனிந்து தேடினார்.

“புழு போட்ட துளை வழியாக உள்ளே போயிற்று. சருகுதான் புழுவுக்குச் சோறு. அது தின்று கழித்த மண்தான் மரத்துக்குச் சோறு. சருகு போனால் புழு போகும், துளை தூர்ந்துவிடும். நேற்று இரண்டின் ஓரத்திலும் ஒரு சாண் தோண்டி எண்ணினேன். இதில் நாற்பத்தேழு புழு. பெருக்கியதில் மூன்று. உள்ளே இறங்குகிற இந்தத் தண்ணீர்தான் கோடையில் கோட்டைக் கிணற்றில் ஊறுகிறது.”

“புளுகு,” என்றார் விசயராயர். “ஓர் இடத்தில் எண்ணினால் காடு முழுக்க அப்படியா ஓய்?”

“நியாயமான கேள்வி. இன்னும் பத்து இடத்திலாவது எண்ண வேண்டும், தானாபதி அவர்களே. பொறுமையான ஆள்தான் அகப்படவில்லை.”

ராஜா கடகடவென்று சிரித்தார். “அகப்பட்டுவிட்டார்.”

பெருக்கும் ஆணை அங்கேயே ரத்தானது. ராஜாவின் முத்துமாலை கூத்தபிரானின் கழுத்துக்கு வந்தது. ஊரார் வயலுக்குச் சருகு அள்ளலாம். ஆனால் விசயராயர் வருடந்தோறும் புழுவை எண்ணி, குறையவில்லை என்று சொன்ன பிறகுதான் அள்ள வேண்டும் என்று புது விதி பிறந்தது. அதன்பின் எல்லோரும் மரத்தடியில் வயிறாரச் சாப்பிட்டார்கள்.

மூன்றாம் வருடம் ராஜா பார்வையிட வந்தபோது, விசயராயர் முழங்கை வரை சேறோடு மண்டியிட்டிருந்தார். தலை நிமிராமலே சொன்னார்: “மகாராஜா, காலை எடுங்கள். கயிற்றுக்குள் நிற்கிறீர்கள், மண் இறுகிவிடும். ஐம்பத்திரண்டு வரை வந்திருக்கிறேன்.”

ராஜா ஒரு காலைத் தூக்கினார். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கூத்தபிரானின் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக்காலில் நின்றபடியே சிரித்தார்.