மகாதிகாரம் கட்டிய ஒரே வீடு

முன்னொரு காலத்தில், எதையும் பெரிதாகச் செய்தால்தான் அரசுக்கு அழகு என்று நம்பிய ஓர் அரசன் இருந்தான். அவன் நாட்டில் வெள்ளத்தில் யார் குடிசையாவது போனால், அந்தந்த ஊர்ச் சபையே மூங்கிலும் ஓலையும் கொடுக்கும். பத்து நாளில் குடிசை எழுந்துவிடும்.

அமைச்சர் பல்லவராயருக்கு இது பொறுக்கவில்லை. "ஊருக்கு ஊர் ஒருவன் வீடு கொடுத்தால் அரசருக்கு என்ன பெருமை? நாடு முழுவதற்கும் வீடு கட்டித் தர தலைநகரில் ஒரே குடிமனை மகாதிகாரம் வேண்டும்" என்றார். அரசன் மகிழ்ந்து ஆணையில் முத்திரை வைத்தான். அன்றுமுதல் மகாதிகாரத்தின் அனுமதியின்றி எவரும் ஒரு மூங்கில்கூட ஊன்றக் கூடாது.

ஒரு வருடம் போயிற்று. மகாதிகாரத்துக்கு அறுபது தூண் மாளிகை எழும்பியது. மூங்கிலுக்கு ஓர் அதிகாரி, ஓலைக்கு ஓர் அதிகாரி, இரண்டையும் சேர்த்துக் கட்டும் கயிற்றைப் பற்றி யோசிக்க மூன்று அதிகாரிகள். போன வருட வெள்ளத்தில் ஆற்றங்கரையில் குடிசை இழந்த நாற்பது பரிசல்காரக் குடும்பங்கள் மட்டும் புளியமரங்களுக்கு அடியிலேயே கிடந்தன. அடுத்த மழைக்காலமும் வந்துகொண்டிருந்தது.

அரசவை விகடகவி தாண்டவக்கோன் ஒருநாள் சபையில் சொன்னான்: "பிரபு, நம் மகாதிகாரத்தில் குறையே இல்லை. வீடு ஒன்றுதான் இல்லை."

அரசன் முகம் கறுத்தது. இதற்காகவே காத்திருந்த பல்லவராயர் எழுந்தார். "குறை சொல்வது எளிது, அரசே. நாளைப் பொழுது சாய்வதற்குள் அந்த நாற்பது குடும்பங்களுக்கும் இவனே கூரை தரட்டும். ஆனால் ஆணையை மீறி ஒரு மூங்கில் ஊன்றினாலும் குற்றம்."

"அப்படியே ஆகட்டும். தவறினால் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும்" என்றான் அரசன்.

தாண்டவக்கோன் கைகூப்பி, "ஆணையை மீறாதிருக்க அதை ஒருமுறை கேட்க வேண்டும்" என்றான்.

பல்லவராயர் பெருமையோடு தாமே படித்தார்: "வீடிழந்தோர் அனைவரும் இனி மகாதிகாரத்துக்குள் வருவர். அவர்களைத் தடுப்போர் தண்டனைக்குரியர்."

மறுநாள் காலை நாற்பது குடும்பங்களும் சட்டி பானையோடு மகாதிகார மாளிகைக்குள் நுழைந்தன. தடுக்க வந்த காவலர்களிடம் தாண்டவக்கோன் ஆணையின் கடைசி வரியைச் சொன்னான். அவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். ஓலை அதிகாரியின் அறையில் அடுப்பு எரிந்தது. பேராச்சி என்னும் பரிசல்காரி, சித்திர வேலைப்பாடு செய்த தூண்கள் இரண்டுக்கிடையே தூளி கட்டிப் பிள்ளையைத் தூங்க வைத்தாள்.

பல்லவராயர் அரசனை அழைத்துக்கொண்டு ஓடி வந்தார். "அரசே, உள்ளே வருவர் என்றால் அதிகாரத்தின் பொறுப்புக்குள் வருவர் என்று பொருள். கட்டடத்துக்குள் அல்ல."

"ஏம்மா, யாரைக் கேட்டு இங்கே வந்தாய்?" என்றான் அரசன்.

பேராச்சி எழுந்து நின்றாள். "ஒரு வருசமா இந்த ஐயா சொன்ன பொறுப்புக்குள்ளதான் சாமி இருந்தோம். அதுல நல்லா நனைஞ்சோம். இதுல நனையல."

அரசன் அமைச்சர் பக்கம் திரும்பினான். "இதுவரை எத்தனை வீடு கட்டினீர்?"

"வரைபடங்கள் ஆயத்தமாக உள்ளன, அரசே. கயிறு பற்றிய ஆலோசனை முடிந்ததும்..."

"கட்டியது எத்தனை?"

"ஒன்று, பிரபு" என்றான் தாண்டவக்கோன். "நாம் நிற்பது அதில்தான். குறை சொல்லக் கூடாது, நன்றாகக் கட்டியிருக்கிறார்கள்."

அரசன் வாய்விட்டுச் சிரித்தான். பிறகு உத்தரவிட்டான்: "கரையில் நாற்பது வீடும் எழும்வரை இவர்கள் இங்கேயே இருக்கட்டும். மகாதிகாரம் புளியமரத்தடியில் நடக்கட்டும். அமைச்சரும் அங்கேயே அமரட்டும்."

மூன்றாம் நாள் மழை பிடித்தது. பதினோராம் நாள் நாற்பது வீடுகளும் நின்றன. கயிற்றைப் பற்றி யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

ஊர்ச் சபைகளுக்குப் பழைய உரிமையைத் திருப்பித் தந்த அரசன், தாண்டவக்கோனை அழைத்து, "உனக்கொரு மாளிகை பரிசளிக்கிறேன்" என்றான்.

"யார் கட்டுவார்கள், பிரபு? மகாதிகாரமா?"

"ஆம்."

"அப்படியானால் ஒரு பொற்கிழியே போதும்" என்றான் அவன். அரசன் சிரித்தபடியே இரண்டாகக் கொடுத்தான்.