குத்தாயி சொல்லாமல் விட்ட குறைகள்

நெல்லிமடைக் காட்டில் குத்தாயி என்றொரு முள்ளம்பன்றி இருந்தாள். குளத்துச் சரிவில் அவளுக்கு ஒரு வளை. அந்த வளைக்குள் தலையை மட்டும் வைத்து, மீதி உடம்பை வெளியே போட்டு, குறட்டை விட்டுக்கொண்டிருந்தது ஒரு கிழட்டு நாய்.

நாயின் பெயர் செவலை. வயதுக்கு மரியாதை கொடுத்து நாமும் அவர் என்றே சொல்வோம்.

நாலைந்து நாளைக்கு முன்னால் காட்டோரச் சாலையில் ஒரு வெள்ளை வேன் வந்து நின்றது. கதவு திறந்தது. செவலை இறங்கினார். இறங்கினார் என்பது மரியாதைக்குச் சொல்வது; இறக்கிவிட்டார்கள். வேன் போய்விட்டது. அது திரும்பி வரும் என்று மைல்கல் பக்கத்திலேயே மூன்று நாள் உட்கார்ந்திருந்தார். நான்காம் நாள் விடிகிற நேரத்தில் கிழங்கு தேடிப் போன குத்தாயி அவரைப் பார்த்தாள்.

"யாருண்ணே நீங்க? இங்கே ஏன் உக்காந்திருக்கீங்க?"

பதில் இல்லை. இன்னும் கிட்டே போய்க் கத்திக் கேட்டாள்.

"என் வீட்டுக்காரங்க வருவாங்க தங்கச்சி," என்றார் செவலை. "சாப்பாடு வாங்கப் போயிருக்காங்கன்னு நினைக்கிறேன்."

அந்த வேன் வராது என்று குத்தாயிக்குப் புரிந்துவிட்டது. அவரைத் தன் வளைக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. கைவிடப்பட்டு வரும் எந்த உயிரையும் முதலில் பார்த்தவர்தான் வைத்துக் காப்பாற்ற வேண்டும். நல்ல வீடு அமையும்வரை அது அவர் பொறுப்பு. எட்டு நாளைக்கு ஒருமுறை குளக்கரையில் எல்லாரும் கூடுவார்கள். அன்றைக்கு யாரும் யாரையும் கடிக்கக் கூடாது, முட்டக் கூடாது. அடைக்கலம் கொடுத்தவர் தன் விருந்தாளியைத் தட்டைப் பாறைமேல் ஏற்றி நிறுத்தி, எல்லாருக்கும் கேட்கும்படி மூன்று குறைகளைச் சொல்ல வேண்டும். முதலில் குறை, பிறகுதான் நிறை. அதைக் கேட்டுவிட்டு விருப்பப்பட்டவர் அழைத்துக்கொண்டு போகலாம்.

செவலைக்குச் சீக்கிரம் வீடு அமைய வேண்டியிருந்தது. மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. மழை பிடித்துவிட்டால் குளத்துத் தண்ணீர் வளைக்குள் புகுந்துவிடும். குத்தாயி வருடாவருடம் மேலே ஒரு பாறை இடுக்குக்குப் போய்விடுவாள். அந்த இடுக்கில் அவள் ஒருத்தி நுழைவதே பெரிய பாடு. செவலையின் மூக்குகூட அதற்குள் போகாது. மழைக்கு முன் வீடு அமையாவிட்டால், அவருக்குப் போக்கிடம் அந்தச் சாலைதான்.

இந்தக் கவலையில் குத்தாயிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. செவலைக்கு மட்டும் நன்றாகவே இறங்கியது. வாயில் நாலே நாலு பல் என்பதால் குத்தாயி கிழங்கை மென்று மசித்துக் கொடுப்பாள். அவர் ரசித்துச் சாப்பிடுவார். சாப்பிட்டுவிட்டு, "உன் வாலு மறுபடி என் கன்னத்துல குத்துது தங்கச்சி," என்று சொல்லிவிட்டு உச்சி வெயில்வரை தூங்குவார்.

கூட்டத்துக்கு முந்தின நாள் பக்கத்து மரத்து மைனா இறங்கி வந்தது. ஊரார் விஷயத்தில் அதற்கு எப்போதும் அக்கறை அதிகம்.

இவருக்குக் காது கேட்காது, பல் கிடையாது, ஓட முடியாது என்று கூட்டத்தில் சொன்னால் ஈ காக்கா கிட்டே வராது என்றது மைனா. பிறகு குரலைத் தாழ்த்தி ஒரு யோசனை சொன்னது. குறை மாதிரி இருக்க வேண்டும், ஆனால் குறையாக இருக்கக் கூடாது. அப்படி மூன்று சொன்னால் போதும்!

குத்தாயி தயங்கினாள். வளைவாசலில் தூங்கும் செவலையைப் பார்த்தாள். வானத்தைப் பார்த்தாள். சரி என்றாள்.

மறுநாள் குளக்கரை நிரம்பி வழிந்தது. செவலையைப் பாறைமேல் ஏற்றுவதற்கு இரண்டு முயல்கள் பின்னாலிருந்து தள்ள வேண்டியிருந்தது. கூட்டத்தை நடத்தும் நெட்டைக்கால் நாரை கழுத்தை நீட்டி, குறைகளைச் சொல்லச் சொன்னது.

"முதல் குறை, அண்ணனுக்கு விசுவாசம் ரொம்ப ஜாஸ்தி," என்றாள் குத்தாயி. "ரெண்டாவது, எத்தனை பெரிய சத்தம் கேட்டாலும் பயப்படவே மாட்டார். மூணாவது, எதிரி வந்தாலும் நின்ன இடத்தை விட்டு ஓட மாட்டார்."

கூட்டத்தில் ஒரே பரபரப்பு. இதெல்லாம் குறையா? இப்படி ஒரு நாயை யாராவது விடுவார்களா? புள்ளிமான் தலைவன் கொம்பன் எல்லாரையும் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தான். தன் கூட்டத்துக் குட்டிகளுக்கு இப்படி ஒரு காவலைத்தான் தேடிக்கொண்டிருந்ததாகச் சொன்னான். அங்கேயே பேச்சு முடிந்தது.

செவலைக்கு என்ன நடந்தது என்றே தெரியவில்லை. எல்லாரும் குதிக்கிறார்களே என்று அவரும் வாலை ஆட்டினார். மான்களோடு அவர் மெல்ல மெல்ல நடந்து போவதைப் பார்த்த குத்தாயி, முட்கள் கலகலக்க மூன்று சுற்று சுற்றி ஆடினாள். மைனா கிளைக்குக் கிளை தாவி, எல்லாம் தன் யோசனைதான் என்று காடு முழுவதும் சொல்லி வைத்தது.

சந்தோஷம் ஐந்து நாள்கூட நிற்கவில்லை.

மான்கள் செவலையை மூங்கில் பள்ளத்தில் காவலுக்கு வைத்திருந்தன. காற்றே புகாத இடம். ஒரு சருகு நொறுங்கினாலும் அங்கே தெளிவாகக் கேட்கும், காது உள்ளவர்களுக்கு. ஐந்தாம் நாள் காலை நான்கு செந்நாய்கள் அந்த வழியாகவே வந்தன. செவலையின் முதுகுக்குப் பின்னால், அவர் வாலை மிதிக்காத குறையாகக் கடந்து போயின. அவர் தூங்கிக்கொண்டிருந்தார். ஒரு குட்டியின் தாய் தற்செயலாகத் திரும்பிப் பார்த்ததால் கூட்டம் பிழைத்தது. ஆனாலும் அந்தக் குட்டிக்கு ஒரு காது பாதி கிழிந்துவிட்டது.

அன்று மாலையே கொம்பன் செவலையை வளைக்குத் திருப்பிக் கொண்டுவந்து விட்டான். அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் குத்தாயிக்கு அவ்வளவு வலித்திருக்காது.

"வர்ற வழியெல்லாம் இவர் சொல்லிக்கிட்டே வந்தார்," என்றான் கொம்பன். "இங்கே காலையில முயல் போயிருக்கு, இங்கே மிளா படுத்திருக்குன்னு. அத்தனையும் சரி. அப்படி ஒரு மூக்கு! காது கேக்காதுன்னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, காத்து வர்ற மேட்டுல இவரை வெச்சிருப்பேன். செந்நாய் மலை தாண்டும்போதே சொல்லியிருப்பார். இனிமே என் கூட்டத்துல இவரை யாரும் நம்ப மாட்டாங்க. அதுக்குக் காரணம் இவர் இல்ல, நீ."

குத்தாயி கிழங்கை மசித்துச் செவலையின் முன்னால் வைத்தாள்.

செவலைக்குப் பேச்சு கேட்கவில்லையே தவிர, முகத்தைப் படிக்கத் தெரியும். கிழங்கைத் தொடாமல் எழுந்து நின்றார். "நான் சாலைக்கே போறேன் தங்கச்சி. அந்த வேன் ஒருவேளை வந்துட்டுப் போயிருந்தா? நான் இல்லாம தேடியிருப்பாங்க இல்ல?"

குத்தாயிக்கு அடக்க முடியவில்லை. அவர் காதோடு வாயை வைத்துக் கத்தினாள். "அது வராதுண்ணே! உங்களுக்கு வீடு நான் பார்க்கிறேன். இந்தத் தடவை ஒழுங்காப் பார்க்கிறேன்!"

அடுத்த கூட்டத்தன்று வானம் கறுத்துக் கிடந்தது. மழைக்கு முன் அதுதான் கடைசிக் கூட்டம். மைனா காலையிலேயே புதிதாக மூன்று அழகான குறைகளோடு வந்தது. குத்தாயி முட்களை விரித்தாள். மைனா பேசாமல் மரத்துக்குப் போய்விட்டது.

பாறைமேல் செவலை நின்றார். சென்ற தடவைபோல யாரும் நெருக்கியடித்து நிற்கவில்லை. குட்டியின் காது கிழிந்த செய்தி எல்லாருக்கும் தெரியும்.

"நான் போன தடவை உங்களை ஏமாத்தினேன்," என்று ஆரம்பித்தாள் குத்தாயி. "இப்ப உள்ளதைச் சொல்றேன். அண்ணனுக்கு ரெண்டு காதும் கேக்காது. இடி விழுந்தாலும் தூங்குவார். வாயில நாலு பல்லுதான், அதுலயும் ஒண்ணு ஆடுது. நான் மசிச்சுக் கொடுத்தாத்தான் சாப்பாடு. ஓட முடியாது. படுத்தா எழுந்திருக்க ரொம்ப நேரம் ஆகும். சில நாள் எழுந்திருக்கவே மாட்டார்."

மூன்று முடிந்தது என்று நாரை தலையாட்டியது. குத்தாயி நிறுத்தவில்லை.

"இன்னொண்ணும் இருக்கு. தன்னை விட்டுட்டுப் போனவங்களை இன்னும் நினைச்சுக்கிட்டிருக்கார். யார் இவரை அழைச்சுக்கிட்டுப் போனாலும் கொஞ்ச நாள் சாலைப் பக்கமேதான் பார்ப்பார். அதுக்குக் கோவிச்சுக்கக் கூடாது."

பிறகு நிறைகளைச் சொன்னாள். மூக்கைப் பற்றிச் சொன்னாள். யாரிடமும் ஒரு கடுஞ்சொல் பேசியதில்லை என்று சொன்னாள். ஆனால் அதற்குள் கூட்டம் கலைய ஆரம்பித்துவிட்டது. முயல்கள் தரையைப் பார்த்துக்கொண்டே நழுவின. மான்கள் முன்பே போயிருந்தன. முதல் தூறல் விழுந்தது.

அப்போது கரையோரச் சேற்றில் ஏதோ அசைந்தது. சேற்றிலிருந்து ஒரு காட்டுப்பன்றி எழுந்தாள். பெயர் பொம்மி. பெயர்தான் பொம்மி, நின்றால் வழி அடைத்துக்கொள்ளும். நாய் என்றாலே அவளுக்கு ஆகாது என்பது காடறிந்த விஷயம். இரண்டு வருடத்துக்கு முன் வேட்டைநாய்கள் அவளுடைய முதல் ஈற்றுக் குட்டிகளில் ஒன்றைக்கூட மிச்சம் வைக்கவில்லை.

எல்லாரும் விலகினார்கள். பொம்மி நேராகப் பாறைக்கு வந்தாள்.

"பல் இல்லைன்னியே, நிஜமா?"

"நிஜம்தான் பொம்மி."

"திறந்து காட்டச் சொல்லு!"

குத்தாயி தன் வாயைத் திறந்து காட்டினாள். செவலை புரிந்துகொண்டு தன் வாயையும் திறந்தார். பொம்மி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைச் சாய்த்து எண்ணிப் பார்த்தாள். நாலேதான்.

"துரத்த மாட்டாரே?"

"எழுந்திருக்கிறதே கஷ்டம்னு சொன்னேனே."

பொம்மி பெருமூச்சு விட்டாள். தனக்கு இப்போது ஒன்பது குட்டிகள் என்றாள். தான் கிழங்கு தோண்டப் போனால் அவற்றோடு இருக்க ஆள் இல்லை. உடும்பை வைத்துப் பார்த்தாள். குட்டிகள் போடும் கூச்சல் தாங்காமல் அரை நாளில் ஓடிவிட்டது. மயிலை வைத்தாள், உச்சிவெயிலுக்குள் அதுவும் பறந்துவிட்டது. தனியாக விடவும் பயம், விடாவிட்டால் பட்டினி.

"போன தடவை இவரைப் பெரிய வீரர்னு நீ சொன்னப்ப, நான் குட்டிங்களைக் கூட்டிக்கிட்டு எதிர்க்கரைக்கே ஓடிட்டேன்," என்றாள் பொம்மி. "பல்லும் பலமும் உள்ள நாயை நான் எப்படி நம்புவேன்? இவரை நம்பலாம்."

திரும்பி ஓர் உறுமல் விட்டாள். அவ்வளவுதான்! நாணலுக்குள்ளிருந்து ஒன்பது குட்டிகளும் சிதறி ஓடி வந்தன. கீச்சென்று ஒன்று, வீலென்று ஒன்று. நாரை ஒரு காலைத் தூக்கிக்கொண்டு தூரப் போய் நின்றது. குட்டிகள் பாறையில் ஏறி, செவலையின் வயிற்றில் முட்டி, முதுகில் சறுக்கி, வாலைக் கடித்து இழுத்து, ஒரே நேரத்தில் ஒன்பது தொண்டையும் கிழியக் கத்தின.

செவலை அசையவில்லை. முகமெல்லாம் மலர்ந்து கிடந்தது.

"எவ்வளவு அமைதியான பிள்ளைங்க!" என்றார்.

பொம்மி சிரித்த சிரிப்பில் குளம் அதிர்ந்தது. கலைந்துபோன முயல்கள்கூட ஓடி வந்து பார்த்தன. செவலை மூக்கைத் தூக்கினார். மேற்கே மேட்டுப் பக்கம் சிறுத்தை வாடை வருகிறது, குட்டிகளைக் கிழக்கு வழியாகக் கூட்டிப் போகலாம் என்றார். பொம்மி மறுபேச்சில்லாமல் கிழக்கே திரும்பினாள்.

மழை வலுத்தது. புறப்படும் அவசரத்திலும் குத்தாயி பின்னாலேயே ஓடி ஓடி ஒவ்வொன்றாகச் சொன்னாள். கிழங்கை நன்றாக மசிக்க வேண்டும். போதும் என்பார், நம்பக் கூடாது, இன்னொரு வாய் கொடுக்க வேண்டும். இடது பின்னங்கால் வலிக்கும், அந்தப் பக்கம் குட்டிகளை ஏற விடக் கூடாது. பொம்மி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

செவலை நின்றார். "நீயும் வாயேன் தங்கச்சி."

"இல்லண்ணே. நான் உங்களுக்கு வீடு பார்க்கிற வரைக்கும்தான்," என்றாள் அவள். அது அவருக்குக் கேட்டிருக்காது. அவள் முகத்தைப் பார்த்தார், ஈர மூக்கால் அவள் நெற்றியை ஒருமுறை தொட்டார். பிறகு ஒன்பது குட்டிகளுக்கு நடுவே மெல்ல நடந்தார்.

அவர்கள் மரங்களுக்குள் மறையும்வரை குத்தாயி மழையிலேயே நின்றாள். மைனா இறங்கி வந்து, இது ஆனந்தக் கண்ணீர்தானே என்று கேட்டது.

"இல்ல," என்றாள் குத்தாயி. "அண்ணன் போயிட்டாரேன்னு அழுறேன்."

நாம் நேசிப்பவருக்கு நல்ல இடம் தேடும்போது அவருடைய குறைகளை மறைக்காமல் சொல்ல வேண்டும். அப்போதுதான் அந்தக் குறைகளோடு அவரை ஏற்றுக்கொள்ளும் வீடு அவருக்குக் கிடைக்கும்.