மாந்தோப்பில் தயிர்சாதம்

மலையடிவாரத்து மடத்துக்கு மரகதம்மாள் குருவாக வந்தபோது அவர் தலையில் ஒரு நரைகூட இல்லை. சீடர்களோ பேரன் பேத்தி எடுத்தவர்கள். அதனால் அவர் எல்லோரையும் ‘நீங்க’ என்றே சொல்வார். அவர்கள் அவரை ‘அம்மா’ என்பார்கள்.

அந்தச் சீடர்களில் இருவர் பால்ய நண்பர்கள். பூவராகன் கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவர். ஏகாம்பரம் மடத்துக்குக் கிழக்கே செங்கல் சூளை வைத்திருந்தார். தினமும் காலையில் பூவராகனின் ஸ்கூட்டரில் ஒன்றாக வருவார்கள். ஒன்றாகத் தியானத்தில் உட்காருவார்கள். ஒன்றாகவே தூங்கி விழுவார்கள்.

அந்த வருஷம் மாசியிலேயே சித்திரை வெயில் அடித்தது. மடத்து மாந்தோப்பில் பூத்த பூவெல்லாம் கருகிக் கொட்டியது.

ஒருநாள் பூவராகன் ஸ்கூட்டரில் தனியாக வந்தார். வெகுநேரம் கழித்து ஏகாம்பரம் வியர்த்து விறுவிறுத்து நடந்து வந்தார். மண்டபத்தின் இந்த மூலையில் ஒருவர், அந்த மூலையில் ஒருவர்.

“ஸ்கூட்டர் ரிப்பேரா?” என்று கேட்டார் மரகதம்மாள்.

“ஸ்கூட்டர் நல்லாத்தாம்மா இருக்கு. பின்னாடி உக்கார்ற ஆள்தான் ரிப்பேர்” என்றார் பூவராகன்.

“என்ன விஷயம்?”

“உலகமே சூடாகிட்டிருக்கு. கரியையும் எண்ணெயையும் எரிச்சு எரிச்சு மனுஷன் இழுத்து வச்ச வினை. இவன் போதாக்குறைக்குச் சூளையில பழைய டயரைப் போட்டுக் கொளுத்துறான். அந்தக் கரி நம்ம தோப்பு மேலதான் இறங்குது. சொன்னா ஒத்துக்க மாட்டேங்கிறான்.”

ஏகாம்பரம் எழுந்து நின்றுவிட்டார். “வெயில் ஒரு வருஷம் கூடும், ஒரு வருஷம் குறையும். எங்க தாத்தா காலத்துல மூணு வருஷம் சொட்டு மழை கிடையாது. அப்ப எவன் சூளை எரிஞ்சுது? வானத்தை மனுஷன் மாத்திட முடியுமா? அது ஆண்டவன் காரியம்.”

“காடு தானாத் தீப்பிடிச்சதும் உண்டுடா. அதுக்காக ஊர்ல எவனும் எதையும் கொளுத்தினதே இல்லைன்னு ஆயிடுமா?”

“உன் பொண்ணு வீடு கட்டினப்ப என் சூளைக் கல்லு இனிச்சுது. இப்பக் கசக்குதாக்கும்!”

மற்ற சீடர்கள் மூடிய கண்களைத் திறக்காமலே காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

“அம்மா, நீங்களே தீர்ப்பு சொல்லுங்க” என்றார் ஏகாம்பரம். “தப்பு என் மேலன்னு சொல்லிட்டா, இன்னியோட இந்தப் படி ஏற மாட்டேன்.”

“இல்லைன்னு சொன்னா நான் ஏற மாட்டேன்” என்றார் பூவராகன்.

மரகதம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நாளைக்கு மத்தியானம் தோப்புல சாப்பிட்டுக்கிட்டே பேசலாம். தயிர்சாதம் நானே கிளறிக் கொண்டாரேன்.”

அவர் சமையலின் லட்சணம் மடம் முழுக்கத் தெரியும். சண்டையை மறந்து நண்பர்கள் இருவரும் ஒரு கணம் ஒருவரையொருவர் கலவரத்தோடு பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் நினைவு வந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

மறுநாள் தோப்பில் மூன்று வாழையிலைகள் விரித்தார்கள். நடுவில் மரகதம்மாள். அவருக்கு வலப்பக்கம் ஏகாம்பரம், எதிரே பூவராகன். காலையில்தான் சூளையில் புதிதாகத் தீ மூட்டியிருந்தார்கள். காற்று கிழக்கிலிருந்து வந்துகொண்டிருந்தது.

தயிர்சாதம் வெள்ளை வெளேரென்று இருந்தது. முதல் கவளம் எடுப்பதற்குள் அதில் ஒரு கறுப்புப் புள்ளி. பக்கத்தில் இன்னொன்று.

“மிளகு போட்டீங்களாம்மா?” என்று ஏகாம்பரம் கேட்டார்.

“உப்பே போட மறந்துட்டேன்.”

பூவராகனின் விரல் நீண்டது. “பார்த்தியாடா! உன் டயர்! இலையிலேயே வந்து உக்காந்துக்கிச்சு!”

“காஞ்ச பூ உதிருது” என்றார் ஏகாம்பரம்.

“பூவைத் தேய்ச்சா மை ஒட்டுமா? தேய்ச்சுப் பாரு.”

ஏகாம்பரம் ஒரு துகளை எடுத்துத் தேய்த்தார். விரலைப் பார்த்தார். வேட்டியில் துடைத்தார். வெள்ளை வேட்டியில் கறுப்பாக ஓர் இழுப்பு விழுந்தது.

“தூசி” என்றார்.

பிறகு வீம்புக்குச் சாப்பிட ஆரம்பித்தார். பெரிய பெரிய கவளமாக. “அமிர்தமா இருக்கும்மா. இன்னும் கொஞ்சம் வைங்க.” அந்தத் தயிர்சாதத்தை அமிர்தம் என்று சொல்ல எவ்வளவு பெரிய கோபம் வேண்டும்!

மரகதம்மாள் வைத்தார். தானும் நிதானமாகச் சாப்பிட்டார்.

பூவராகன் விடவில்லை. காற்று, சூடு, கடல், பனிமலை என்று வகுப்பே எடுத்தார். ஏகாம்பரம் விட்டுக்கொடுக்கவில்லை. தாத்தா, பஞ்சம், வெள்ளம், ஆண்டவன் சித்தம் என்று அடுக்கினார். குரல்கள் ஏறின. கிளையில் இருந்த அணில் ஒன்று ஓடிப்போயிற்று.

திடீரென்று பூவராகன் பாதிப் பேச்சில் நின்றார். பிறகு கடகடவென்று சிரித்தார்.

“அம்மா, அவன் இடது கையைப் பாருங்க!”

ஏகாம்பரத்தின் வலது கை சாதம் பிசைந்துகொண்டிருந்தது. இடது கை மரகதம்மாளின் இலைக்குமேல் குடைபோல் விரிந்திருந்தது. காற்று எந்தப் பக்கம் திரும்பியதோ அந்தப் பக்கம் அதுவும் திரும்பிக்கொண்டிருந்தது. எப்போது அங்கே போனது என்று அவருக்கே தெரியாது. குருவின் இலையில் ஒரு துகள்கூட இல்லை.

“வாய் தூசிங்குது, பூவுங்குது. கை ஒத்துக்கிடுச்சு!” பூவராகனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “மாட்டிக்கிட்டியா!”

ஏகாம்பரத்தின் முகம் சிவந்தது. எழுந்து போய்விடத்தான் நினைத்தார். ஆனால் கையை எடுத்தால் இலையில் கரி விழும். எடுக்கவும் முடியாமல், வைத்திருக்கவும் முடியாமல் தலையைக் குனிந்துகொண்டார்.

மரகதம்மாள் அந்தக் கைநிழலில் கடைசிக் கவளத்தைச் சாப்பிட்டு முடித்தார்.

“பூவராகன், நீங்க சொன்னது அத்தனையும் சரி” என்றார். “வெயிலும் சரி, டயரும் சரி.”

பூவராகனின் முகம் மலர்ந்தது.

“ஒண்ணு கேக்கறேன். கரி விழ ஆரம்பிச்சதுலேருந்து உங்க கை என்ன செஞ்சுக்கிட்டிருந்துச்சு?”

பூவராகன் குனிந்து பார்த்தார். அவருடைய சுட்டுவிரல் இன்னும் நண்பனின் மார்பை நோக்கி நீண்டிருந்தது. அவர் இலையில் சாதம் தொடாமல் அப்படியே கிடந்தது, கறுத்துப்போய்.

விரலை மெல்ல மடக்கிக்கொண்டார்.

ஏகாம்பரம் குனிந்த தலையை நிமிர்த்தினார்.

“எனக்குத் தெரியாதாம்மா? டயர் போட்டா சட்டுனு பத்திக்கும். வர்றது கரின்னும் தெரியும். ஆனா இவன் நாலு பேர் முன்னாடி என்னைக் கொலைகாரன் மாதிரி கைநீட்டிப் பேசினதும், வாய் தானா ‘இல்லை’ங்குது. அப்புறம் அதையே பிடிச்சுக்கிட்டுத் தொங்க வேண்டியிருக்கு.”

“டயர் இல்லாம எரியுமா?”

“உமி போட்டா எரியும். நின்னு நிதானமாப் பிடிக்கும். ஆனா அரிசி மில்லுலேருந்து மூட்டை மூட்டையாத் தூக்கியாரணும். இருக்கிற ஆளுங்களுக்குக் கல்லு அடுக்கவே பொழுது சரியாப் போகுது. சூளையை நிறுத்தினா அத்தனை குடும்பமும் எங்க போவும்?” பிறகு தயங்கிச் சொன்னார். “உமியும் புகையத்தானேம்மா செய்யும்?”

“டயர் மாதிரி இல்லடா, எவ்வளவோ குறைச்சல்...” என்று பூவராகன் ஆரம்பித்தார். வகுப்பு தொடரும் என்று மற்ற இருவரும் காத்திருந்தார்கள். அவர் தொடரவில்லை.

“மில்லு எங்க இருக்கு?” என்று கேட்டார்.

அடுத்த சூளை மூட்டும் நாளுக்கு முன்னால் அந்த ஊர் ஒரு வேடிக்கையைக் கண்டது. ஓய்வு பெற்ற பேராசிரியர் ஸ்கூட்டரில் உமி மூட்டைகளைக் கட்டி மில்லுக்கும் சூளைக்குமாகப் போய் வந்துகொண்டிருந்தார். பின்னிருக்கையில் மூட்டை உட்கார்ந்துகொண்டதால் ஏகாம்பரம் பக்கத்தில் சைக்கிளில் வந்தார். வழியெல்லாம் இருவரும் சத்தமாகச் சண்டை போட்டார்கள். பஞ்சத்தைப் பற்றித்தான்.

சாயங்காலம் மரகதம்மாள் சூளைப் பக்கம் வந்தார். பூவராகன் தோளில் ஒரு மூட்டையோடு எதிர்ப்பட்டார். தலை, மீசை, புருவம் எல்லாம் உமி.

“அம்மா, இத்தனைக்கும் அப்புறமும் தாத்தா காலத்துப் பஞ்சத்தையே பேசிக்கிட்டிருக்கான். நான் சொன்னது சரின்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க. அவன் காதுல விழற மாதிரி, பூவராகன் ஜெயிச்சான்னு ஒரே ஒரு வார்த்தை தீர்ப்பா சொல்லிடுங்களேன்.”

“சொல்லிடலாம்” என்றார் மரகதம்மாள். “ஆனா, ஜெயிச்சவர் மூட்டையைக் கீழ வச்சிடுவாரே.”